ராணிக்குப் போன சீப்பு

ப்ளூஃபீல்ட்ஸ்,
நவம்பர் 14, 1894

அன்புள்ள அண்ணன் நெகேமியாவுக்கு,

உன் தங்கை கெசியா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். மழை இன்னும் விடவில்லை. கப்பலில் பிடித்த இருமல் உனக்கு நின்றதா? கிங்ஸ்டனில் நல்ல தண்ணீர் கிடைக்கிறதா? அம்மா கேட்கச் சொன்னாள்.

நீ நம் தலைவரோடு ஆங்கிலேயக் கப்பலில் ஏறிப் போன பிறகு இங்கே எல்லாம் மாறிவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த அரசுக் கச்சேரியில் இப்போது நிகராகுவாக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் கொடி இருந்த கம்பத்தில் அவர்கள் கொடி. மொஸ்கிட்டோ கரை முழுக்க இனி அவர்கள் நாடுதானாம், நமக்கென்று தனி ஆட்சி கிடையாதாம். ஸ்பானிய மொழியில் படித்துச் சொன்னார்கள். யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

ஆண்கள் வாயைத் திறக்கப் பயப்படுகிறார்கள். அதனால் பெண்கள் நம் வீட்டில் கூடி, இங்கிலாந்து ராணிக்கு ஒரு மனு எழுதினார்கள். அம்மாதான் முன்னால் நின்றாள். எழுதியது நான். பள்ளியில் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்கு வார்த்தையே வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தானே பாதியில் நின்றேன். ஆனால் பேனா பிடித்தால் எனக்கு யாரும் எதிரில் இல்லாத மாதிரி இருக்கிறது. ஒவ்வொருத்தி பெயரையும் நான் எழுத, அவரவர் பக்கத்தில் சிலுவைக் குறி போட்டார்கள்.

எல்லாம் முடிந்து மடிக்கும்போது அம்மா, "இரு. வெறுங்கையோட போய்க் கேக்கறதா? நாம என்ன பிச்சைக்காரங்களா?" என்றாள். தலையிலிருந்து சீப்பை உருவினாள். அப்பா கல்யாணத்துக்குச் செய்துகொடுத்த ஆமை ஓட்டுச் சீப்பு. அப்பா கடலில் போன அன்றுகூட அவள் அதைக் கழற்றவில்லை.

"அக்கா, ராணிக்குச் சீப்புக்கா பஞ்சம்?" என்றாள் பக்கத்து வீட்டுத் தாமார்.

"பஞ்சம் இல்லதான். ஆனா இந்தச் சீப்பு அவங்ககிட்ட இல்லல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரிட்டிஷ் தூதரக ஐயாவிடம் கொண்டுபோனபோது அவர் சீப்பை ஓரமாக நகர்த்தி, "இது வேணுமாம்மா?" என்று கேட்டார். அம்மா விடவில்லை. "மனுவும் சீப்பும் சேர்ந்துதான் போகும். பிரிக்கறதா இருந்தா ரெண்டையும் குடுத்துடுங்க" என்றாள். அவர் வாங்கிக்கொண்டார்.

அம்மா இப்போது கூந்தலைத் துணிக்கிழிசலால் கட்டிக்கொள்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை,
கெசியா

*

கிங்ஸ்டன், ஜமைக்கா,
டிசம்பர் 9, 1894

அன்பு நிறைந்த அம்மாவுக்கும் தங்கை கெசியாவுக்கும்,

கடவுள் கிருபையால் நான் நலம். இருமல் நின்றுவிட்டது. நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்குத் தேங்காய் ரொட்டி சுடும்போது என் பங்கையும் கெசியாவே தின்னட்டும்.

கெசியா, இதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. தாமார் இருந்தால் அவளுக்கும். நாங்கள் இங்கே மதிப்போடு இருக்கிறோம். தெருவில் போகும்போது, "இவங்கதான் மொஸ்கிட்டோ கரைக்காரங்க" என்று சொல்லித் தொப்பியைத் தொடுகிறார்கள். ஆங்கிலேய அரசு நம்மைக் கைவிடாது. எத்தனையோ வருஷத்துக்கு முன் அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறதே! அமெரிக்காவும் சும்மா இருக்காது. அவர்கள் ஆட்களின் வாழைத் தோட்டமெல்லாம் நம் ஆற்றங்கரையில்தானே இருக்கிறது?

அம்மா சீப்பைக் கொடுத்தது சரியான காரியம். ராணியும் ஒரு பெண்தான்.

துறையில் நான் சொன்னதை மறக்க வேண்டாம். போர்க்கப்பலில்தான் போகிறேன், போர்க்கப்பலின் தளத்தில் நின்றுதான் திரும்பி வருவேன். வெள்ளைத் துணி ஆட்டத் தயாராக இருங்கள்.

கீழ்ப்படிதலுள்ள மகன்,
நெகேமியா

*

ப்ளூஃபீல்ட்ஸ்,
ஜனவரி 20, 1895

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி ஈரக்காற்றில் கூடுகிறது, வெயிலில் குறைகிறது. நீ சாப்பாட்டில் குறை வைக்காதே.

உன் கடிதத்தை அம்மா பலமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். தொப்பியைத் தொடும் இடம் வந்தால் தாமாரைக் கூப்பிட்டு மறுபடி படிக்கச் சொல்வாள்.

புத்தாண்டு முடிந்து ஓர் ஆங்கிலேயக் கப்பல் வந்தது. ஊரே முகம் கழுவி, ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு துறைக்கு ஓடியது. நானும்தான். நீ தளத்தில் நிற்கிறாயா என்று பார்த்தேன். கப்பல் மரியாதைக் குண்டுகள் சுட்டது. குழந்தைகள் கைதட்டினார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த மரியாதை கம்பத்திலிருந்த புதிய கொடிக்கு. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தோம். நல்ல உடுப்பில் நடப்பது அன்று மிகவும் வெட்கமாக இருந்தது. அம்மா மட்டும், "சம்பிரதாயத்துக்குச் சுடறாங்க. மனசுல ஒண்ணும் இருக்காது" என்றாள்.

வாழை வாங்கும் அமெரிக்கர் போன வருஷம் உன் தோளில் தட்டிக்கொடுத்தாரே, அவர் இப்போது புதிய அதிகாரியோடு தினமும் காப்பி குடிக்கிறார். என்னைப் பார்த்ததும், "வியாபாரம் நடக்கணும்ல, பொண்ணே. எங்க அரசாங்கமே அவங்க நாடுதான்னு சொல்லிடுச்சு" என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். வீடும் மனையும் வைத்திருப்பவர்கள் மே மாதம் முடிவதற்குள் புதிய கச்சேரியில் கையெழுத்திட்டுப் பதிய வேண்டுமாம். பதியாத மனை அரசுக்குப் போய்விடும். அம்மா, "ராணி பதில் வரட்டும். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டா, நாமே ஒத்துக்கிட்டோம்னு ஆயிடும்" என்கிறாள். அவள் போடாததால் நம் தெருவில் ஒருத்தியும் போடவில்லை. நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுது, அண்ணா. என் பேச்சை அவள் கேட்கமாட்டாள். உன் பேச்சைக் கேட்பாள்.

அன்புடன்,
கெசியா

*

கிங்ஸ்டன்,
பிப்ரவரி 16, 1895

கெசியா,

கையெழுத்துப் போட வேண்டாம். அம்மா சொல்வதே சரி. நம் மனு லண்டனில் மேஜைமேல் இருக்கிறது என்று நம்பத் தகுந்தவர்கள் சொல்கிறார்கள். பொறுத்திருங்கள். பொறுத்திருப்பது ஒன்றுதான் நம் வேலை.

நெகேமியா

*

ப்ளூஃபீல்ட்ஸ்,
மார்ச் 18, 1895

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகம்தானே? உன் கடிதம் மிகச் சிறியதாக இருந்தது. நாங்கள் சுகம்.

இது உனக்கு மட்டும். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எனக்குப் பதிலைத் தனித்தாளில் எழுது. பெரிய தாளை நான் அம்மாவுக்குப் படிக்க வேண்டியிருக்கும்.

தூதரக ஐயா வீட்டில் நான் துணி தேய்க்கப் போவது உனக்குத் தெரியும். செவ்வாயன்று கழுத்துப்பட்டிகளை மடித்து அலமாரியில் வைக்கப் போனேன். கைக்குட்டைகளுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தேன். அம்மாவின் சீப்பு.

ஐயா வாசலில் நின்றிருந்தார். நான் திருட வந்த மாதிரி சீப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஆனால் சிவந்து போனது அவர் முகம்.

"திரும்பி வந்துடுச்சும்மா. பரிசு வாங்கறது அவங்க வழக்கம் இல்லையாம்" என்றார்.

நான் கேட்க மாட்டேன் என்பது அவருக்குப் பழக்கம். அதனால் அவரே சொல்லிக்கொண்டே போனார். மனுவைப் படித்தார்களாம். வருத்தப்பட்டார்களாம். ஒன்றும் செய்வதற்கில்லையாம். "ரெண்டு வரிதான். சீப்பு அனுப்பாம இருந்தாலும் அதே ரெண்டு வரிதான் வந்திருக்கும். உங்கம்மாகிட்ட நானே சொல்லணும்னு தினமும் தொப்பியை எடுக்கறேன், மாட்டிடறேன்" என்றார். கடைசியில் அதை ஒரு கைக்குட்டையில் சுற்றி என்னிடமே கொடுத்துவிட்டார். "உனக்கு எப்பத் தோணுதோ அப்பக் குடு."

பேசத் தெரியாத என்னிடம்போய்க் கொடுத்தார், அண்ணா.

மாவுப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். சொன்னால் அம்மா என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். தன் சீப்புதான் காரியத்தைக் கெடுத்தது என்று நினைப்பாள். தெருவும் அப்படித்தான் பேசும். சொல்லாவிட்டால் மே மாதம் முடிந்ததும் வீடு போய்விடும். நம் வீடு மட்டுமல்ல, அவளை நம்பியிருக்கிற எல்லோர் வீடும். சொல்லட்டுமா? நீ எழுதினால் அவள் தாங்குவாள். தயவுசெய்து நீ எழுது.

கெசியா

*

ப்ளூஃபீல்ட்ஸ்,
ஏப்ரல் 22, 1895

அன்புள்ள அண்ணனுக்கு,

உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. கிங்ஸ்டனிலிருந்து வந்த படகுகளில் உன் கடிதம் இல்லை. ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அப்பாவுக்கு அங்கே கல்லறை இல்லாததால் அம்மா வழக்கம்போலக் கடலைப் பார்த்து நின்று பாடினாள்.

என் மார்ச் மாதக் கடிதம் கிடைத்ததா? கிடைத்தது என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பானையில் மாவு குறைகிறது.

கெசியா

*

கிங்ஸ்டன்,
மே 3, 1895

அன்பு நிறைந்த அம்மாவுக்கும் கெசியாவுக்கும்,

நலம், நலம், நூறு முறை நலம்! எல்லோரையும் கூப்பிட்டு இதைப் படி, கெசியா!

ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் மறுபக்கத்துக் கடலில் நிகராகுவாவின் கொரிந்தோ துறைமுகத்தைப் பிடித்துவிட்டன! தந்தியில் வந்த செய்தி. அங்கே ஆங்கிலேயக் கொடி பறக்கிறது. இங்கே நம்மவர்கள் தெருவில் நின்று பாடினார்கள். நம் மனுவுக்குப் பதில் காகிதத்தில் வரவில்லை, பீரங்கியில் வந்திருக்கிறது! அடுத்தது நம் கரைதான். யாரும் ஒரு கையெழுத்தும் போட வேண்டாம்.

அம்மா, வெள்ளைத் துணியைத் துவைத்து வையுங்கள்.

நெகேமியா

*

ப்ளூஃபீல்ட்ஸ்,
மே 21, 1895

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் உயிரோடு நலமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இது நீளமான கடிதம். என்னைக் கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படி.

உன் கடிதத்தில் தனித்தாள் இருக்கிறதா என்று உறையைக் கிழித்துப் பிரித்தும் பார்த்தேன். இல்லை.

அம்மாவுக்குப் படித்தேன். படிக்காமல் எப்படி இருப்பது? அவள் எழுந்து நின்றுவிட்டாள். முழங்கால் வலியையே மறந்துபோனாள். நேராகக் கச்சேரி வாசலுக்குப் போய் அங்கிருந்த குமாஸ்தாவிடம், "உன் காகிதத்தை மடிச்சு வை ராசா. எங்க கப்பல் கெளம்பிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவனுக்கு நம் பேச்சு பாதிதான் புரியும். சிரித்து வைத்தான்.

மறுநாள் தூதரக ஐயா வீட்டில் தேய்த்துக்கொண்டிருந்தபோது, என் வாழ்நாளில் முதல் தடவையாக அவரிடம் நானே பேசினேன். "கொரிந்தோ?" என்றேன். அந்த ஒரு சொல்தான் வந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அது உங்களுக்காக இல்லம்மா. போன வருஷம் இங்க இருந்த எங்க ஆளுங்களைப் பிடிச்சு நாட்டை விட்டு அனுப்பினாங்கல்ல, அந்த அவமானத்துக்கு அபராதம் கேட்டுப் போன கப்பல். கட்டறோம்னு ஒத்துக்கிட்டாங்க. கப்பல் திரும்பிப் போயிடுச்சு."

நாம் பாடிக்கொண்டிருந்தபோதே கப்பல் போய்விட்டிருந்தது, அண்ணா.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக் கூடத்தில் பன்னும் காப்பியும் பாட்டுமாக அன்பின் விருந்து வைக்க வேண்டும் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். கொரிந்தோவுக்கு நன்றி சொல்ல. பாதிரியார், "காரணம் எதுவும் சொல்லாமல் வெறும் விருந்தாக வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டார். விருந்தின் முடிவில் அம்மா எழுந்து, யாரும் பதியக் கூடாது என்று எல்லோரையும் சத்தியம் செய்யச் சொல்லப் போவதாக இருந்தாள். சனிக்கிழமை முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு பிசைந்துகொண்டே நான் கேட்டேன். இரண்டு தடவை "அம்மா" என்றேன். "என்னடி?" என்று திரும்பினாள். "உப்பு போட்டாச்சா?" என்று கேட்டேன்.

விருந்தில் பன் கூடை எடுத்துப் போவது கன்னிப்பெண்களின் வேலை. வாயைத் திறக்க வேண்டாம், கூடையை நீட்டினால் போதும். எனக்கு அந்த ஒரு வேலைதான் எப்போதும் பிடிக்கும். பின்னாலிருந்து முன்னால் வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனேன். முன்வரிசையில் அம்மா துணிக்கிழிசல் கட்டிய தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் போய்க் கூடையை நீட்டினேன். மேலே கிடந்த துணியை விலக்கினாள். கடைசிப் பன்னுக்குப் பக்கத்தில் சீப்பு இருந்தது. பல்லிடுக்கில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது.

அவள் சீப்பைப் பார்க்கவில்லை, அண்ணா. என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மேலும் கீழும் அல்ல, இல்லை என்று.

துணியைத் திரும்ப மூடினாள். அதோடு விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பாட்டு முடியும்வரை கூடையை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு எழுந்து நின்றாள். சத்தியத்துக்காக எல்லோரும் எழுந்தார்கள்.

"உக்காருங்க" என்றாள். சீப்பை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "என் சீப்பு திரும்பி வந்துடுச்சு."

காப்பிக் குவளைகளைக் கீழே வைத்தார்கள்.

தாமார்தான், "ஏன், ராணிக்கு முடி கொட்டிப் போச்சாமா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். அழுவதற்குப் பதிலாகச் சிரிக்கிற சிரிப்பு.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "சீப்பை அனுப்பினதாலதான் கோவிச்சுக்கிட்டாங்களோ? நான் அப்பவே நெனச்சேன்" என்றாள். நான் பயந்த வார்த்தை.

அம்மாவின் கழுத்து சிவந்தது. அவள் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். என் வாய் எப்போது திறந்தது என்று எனக்கே தெரியாது. "இல்ல" என்றேன். கூடத்தில் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. பள்ளியில் திரும்பியது போலவே. "சீப்பு இல்லாம இருந்தாலும் அதே பதில்தான். மனுவைப் படிச்சாங்க. முடியாதுன்னுட்டாங்க. கொரிந்தோ நமக்காக இல்ல. அவங்க ஆளுங்களுக்காக. கப்பல் போயிடுச்சு." அவ்வளவுதான் சொன்னேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார வேண்டிய வரிசை அது இல்லை.

"கேட்டீங்கல்ல? நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுடலாம். மொத ஆளா நான் போறேன். திட்டறவங்க எனக்குப் பின்னால வரிசையில நின்னு திட்டுங்க" என்றாள் அம்மா.

யாரும் எழுந்து போகவில்லை. அன்பின் விருந்தில் எடுத்த பன்னைத் தின்று முடிக்காமல் எழுந்து போகக் கூடாதல்லவா? எல்லோரும் தலையைக் குனிந்து தின்றார்கள். நன்றி சொல்லச் சுட்ட பன். அது தொண்டையில் இறங்க அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

கெசியா

*

கிங்ஸ்டன்,
ஜூலை 28, 1895

அன்புள்ள அம்மாவுக்கும் கெசியாவுக்கும்,

நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். இங்கே வெயில் கடுமை. அம்மாவின் முழங்காலுக்கு ஆமைக்கொழுப்பு தேய்த்துவிடவும். வேறு விசேஷம் இல்லை.

நெகேமியா

(தனித்தாளில்)

கெசியா, இது உனக்கு மட்டும்.

பிப்ரவரியில் நான் எழுதிய கடிதம் இருந்தால் எரித்துவிடு. ஏன் என்று கேட்காதே.

இங்கே தொப்பியைத் தொட்டது ஒரே ஒரு கிழவர், ஒரே ஒரு நாள். நான் துறைமுகத்தில் வாழைக்குலை சுமக்கிறேன். கூடச் சுமப்பவர்கள் என்னைக் "கப்பல் துரை" என்று கூப்பிடுகிறார்கள். போர்க்கப்பலில் ஊருக்குப் போவேன் என்று ஆரம்பத்தில் அவர்களிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

உன்னைக் கூடத்தில் தனியாக நிற்க வைத்துவிட்டேன். இனி நான் அந்தத் துறையில் எந்த முகத்தோடு வந்து இறங்குவேன்?

*

ப்ளூஃபீல்ட்ஸ்,
ஆகஸ்ட் 25, 1895

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமென்று எழுதியிருந்தாய். பாரம் சுமக்கிற தோளுக்கு நீயும் ஆமைக்கொழுப்பு தேய்த்துக்கொள். நாங்கள் நலம். அம்மா இப்போது மெல்ல நடக்கிறாள்.

பிப்ரவரிக் கடிதத்தை எரிக்கவில்லை. ஆனால் யாரிடமும் காட்டவும் மாட்டேன். அதில் நீ எங்கள் நலம் விசாரிக்கவில்லை, அண்ணா. உன் நலத்தையும் எழுதவில்லை. நீ ஒருநாளும் அதை மறக்கிறவன் இல்லை. அதை எழுதும்போதே மனு தோற்றது உனக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அதற்குமேல் இதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை.

கையெழுத்துப் போட்ட அன்று நடந்ததை உனக்கு எழுதவே இல்லை. வரிசை வாசலைத் தாண்டித் தெருவரை நின்றது. வாழைக்கார அமெரிக்கர் அந்தப் பக்கம் வந்தவர், எங்களைப் பார்த்ததும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்தார். தூதரக ஐயாவின் ஜன்னல் மூடியிருந்தது. எங்களுக்குத்தான் வெட்கம் என்று நினைத்திருந்தேன். ஊரில் எல்லோரிடமும் அது கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது.

குமாஸ்தா, "வீட்டுல எத்தனை பேர்?" என்று தட்டுத்தடுமாறி நம் பேச்சில் கேட்டான்.

"மூணு" என்றாள் அம்மா.

அவன் எங்கள் இருவரையும் பார்த்தான். "மூணாவது ஆள் எங்க?"

"வேலைக்குப் போயிருக்கான். வருவான்."

அம்மா சிலுவைக் குறி போட்டாள். பெயர்களை நான் எழுதினேன். டார்க்கஸ், நெகேமியா, கெசியா. அவர்கள் காகிதத்தில்தான், அவர்கள் முத்திரைக்குக் கீழேதான். எழுதும்போது எனக்குக் கை கூசியது. ஆனாலும் தெளிவாக எழுதினேன்.

சீப்பை அம்மா இன்னும் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. கழுவித் துடைத்து உன் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். தனித்தாளை நான் அவளுக்குப் படிக்கவில்லை. ஆனால் பெரிய தாளை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பாவம், எளச்சுப் போயிருப்பான்" என்றாள்.

செப்டம்பரில் ஆமை பிடிக்கப் போகிற படகொன்று கிங்ஸ்டன் வரை போய்த் திரும்புகிறது. படகுக்காரர் அப்பாவின் சிநேகிதர். உன்னை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆமைகளோடு கீழ்த்தட்டில்தான் இடம். விடியற்காலையில் கரை சேரும். அந்நேரம் துறையில் யாரும் இருக்க மாட்டார்கள். வெள்ளைத் துணி எதையும் கொண்டு வரமாட்டேன். நான் மட்டும் நிற்பேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். எனக்கும் பேச வராது.

உன் வரவுக்காகக் காத்திருக்கும் தங்கை,
கெசியா